வெள்ளிக்கிழமைப் பகலை நான் எடுத்துக்கொண்ட விதம்

வாரத்துக்கு ஏழு நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்த மூன்றாம் வகுப்பு வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது. மணப்பட்டில் வாழ்க்கைப்பட்டு, தலையில் மீன் கூடை ஏறிய பிறகு பார்த்தால், எனக்கென்று ஒரு நாளையும் காணோம். எல்லா நாளும் வாங்குகிறவர்கள் கையில் இருந்தது. திங்கட்கிழமை ஒரு தெருவில் சிவனுக்கு விரதம். செவ்வாய்க்கிழமை இன்னொரு தெருவில் முருகனுக்கு. சனிக்கிழமை நாமம் போட்ட வீடுகளில் என் குரல் கேட்டாலே கதவைச் சாத்துவார்கள். புரட்டாசி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அவர்கள் வீட்டுப் பூனைகூட என்னைத் தெரியாதது மாதிரி போகும்.

எந்தக் கிழமை எந்தத் தெரு, யார் வீட்டில் கார்த்திகை, யார் வீட்டில் அமாவாசை, எந்த வீட்டுக் கிழவர் விரதம் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நெத்திலி வாங்குவார், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஒரு நாளும் தப்புத் தெருவில் நான் கால் வைத்ததில்லை. இந்தக் காலத்தில் சுவரில் கட்டம் போட்டு, கலர் கலராக எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்று “இன்னிக்கு இன்னா கெழம?” என்று கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவிலும் மீன் ஓடாது. அதனால் எனக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று ஊருக்குள் பேச்சு. அந்த லீவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமையிலிருந்து எந்த வேலை வீட்டில் முளைத்தாலும் என் மாமியார், “வெச்சிடு, வெள்ளிக்கெழம கீதே” என்பார். வெச்சிடு, வெச்சிடு என்று ஒரு வாரத்து வேலை மொத்தமும் அந்த ஒரு நாளில் வந்து உட்கார்ந்திருக்கும். வீடு மெழுக வேண்டும். நெல் அவிக்க வேண்டும். பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைத்து, ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் பிடித்துச் சீயக்காய் தேய்க்க வேண்டும். மிஞ்சிய மீனைக் கருவாடு போட வேண்டும். கூடை தூக்குகிற நாளிலாவது நிழல் கண்ட இடத்தில் உட்காரலாம். லீவு நாளில் அதற்கும் வழியில்லை. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், வந்து தூங்குவார், எழுந்து கடலுக்குப் போவார். அவருக்குக் கிழமையே தேவைப்படவில்லை.

எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உடம்பு இரும்பு மாதிரி இருந்தது. எனக்கு வேண்டியது தாயம். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், பிறந்த ஊரில் தாயத்தில் என்னை ஜெயித்தவள் கிடையாது. கட்டையைக் கையில் உருட்டும்போதே என்ன விழும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று காலையில்கூட ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் மணையில் உட்கார்ந்தேன். அதோடு சரி. மாமியார் வீட்டில் தாயக்கட்டையைத் தொட ஒரு பொழுது வாய்க்கவில்லை. சமையல் செய்துகொண்டே மிளகாய்க் காம்பை எடுத்துத் தரையில் உருட்டிப் பார்ப்பேன். அந்த அளவுக்கு ஏக்கம்.

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஒரு வியாழக்கிழமை தவளக்குப்பம் முக்கூட்டு ரோட்டில், விற்காமல் நின்ற கானாங்கத்தையோடு உட்கார்ந்திருந்தேன். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கூடையை எட்டிப் பார்த்தாள். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. என்னைவிடச் சின்னவள்.

“ஏங்க்கா, இத நாளைக்கு எங்க ஊருக்கு எடுத்துனு வரக் கூடாதா?”

“நாளைக்கு வெள்ளிக்கெழமம்மா. எவ மீனு வாங்குவா?”

“நாங்க வாங்குவோம். வெள்ளிக்கெழமல்லாம் எங்களுக்குச் சுத்தபோசனம். கறி ஆவாது, மீனு ஆவும். மீன்காரிங்க எல்லாரும் அன்னிக்குன்னு பாத்து வூட்ல படுத்துக்குறீங்க. நாங்க ஊரே கத்திரிக்காயத் தின்னுகினு கெடக்குறோம்.”

அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் மாமியார் எழுவதற்கு முன்னால் கரைக்குப் போய்க் கூடையை நிரப்பிக்கொண்டேன். “மாதா கோயில் ஊர்ல கேட்டாங்க அத்தே” என்று சொல்லிவிட்டு நடந்தேன். விற்பனை என்றால் அவர் தடுக்கமாட்டார்.

அவள் ஊர் வில்லியனூர்ப் பக்கம். கூடையைப் பஸ் மேலே ஏற்றி, கீழே இறக்கி, வரப்பு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் என்னை மாதாவே அனுப்பியது மாதிரி பார்த்தார்கள். உச்சி மணி அடிக்கும் முன்னால் கூடை காலி. திரும்பி ஓடினால் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. அடுத்த பஸ் சாயங்காலம்.

அவள் வீட்டுக்கே திரும்பிப் போனேன். நிழலுக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். செம்பைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன். சிமெண்டுத் தரையில், பாதி அழிந்துபோன தாயக்கட்டம்.

“யாரு ஆடுறது?”

“ஆடிகினு இருந்தேன்க்கா. எனக்கு ஜோடி யாரு கீறா? பக்கத்து வூட்டுக்காரி தோத்துட்டா அழுவுறா.”

“நான் அழ மாட்டேன்” என்றேன். “தோக்கவும் மாட்டேன்.”

உள்ளே போய் அம்மா வீட்டுச் சீதனப் பித்தளைக் கட்டைகளை எடுத்து வந்தாள். கரித்துண்டால் கட்டத்தை அழுத்திப் போட்டாள். காயை வெட்ட முடியாத மலைக் கட்டங்களில் குறுக்குக் கோடு இழுத்தாள். முதல் உருட்டலிலேயே எனக்குத் தாயம் விழுந்தது. அதற்குப் பிறகு சாயங்கால பஸ் வரைக்கும் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஜெயித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடுத்த வெள்ளிக்கெழம வருவல்லக்கா?”

வரலாம். ஆனால் இரண்டு வீட்டில் கேள்வி வருமே. என் வீட்டில், மீன் உச்சிக்கு முன்னால் விற்றுவிட்டால் நீ ஏன் விளக்கு வைக்கும்போது வருகிறாய் என்பார்கள். அவள் வீட்டில் அவள் புருஷன், சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும்போது அவளையும் களை பறிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போகிறவன். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்று யோசித்தோம். அதிகம் யோசிக்கவில்லை. என் வீட்டில் யாருக்கும் வேதக்காரர்கள் வழக்கம் தெரியாது. அவள் வீட்டில் யாருக்கும் கடற்கரை வழக்கம் தெரியாது. தெரியாத சாமி என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள்.

நான் மாமியாரிடம் சொன்னேன்: “அவங்க கோயில்ல உச்சி மணி அடிச்சி, ஜெபம் முடிஞ்ச பின்னாலதான் அத்தே மீன வூட்டுக்குள்ள சேப்பாங்க. அது வரைக்கும் வாசல்லயே காத்துகினு கெடக்கணும்.”

“அடப் பாவமே. மீனு நாறிடாது?”

“ஈரச் சாக்கு போட்டுக்குறேன்.”

“பாத்துடி. அவங்க சாமி கோவப்படற மாதிரி எதனா பண்ணிடாத” என்றார்.

அவள் தன் புருஷனிடம் சொன்னாள்: மணப்பட்டுக்காரிகள் வெள்ளிக்கிழமை உச்சி தாண்டி, வெயில் இறங்கும் வரைக்கும் கூடையைத் தலையில் ஏற்றக்கூடாதாம். கடலில் இருக்கிற புருஷனுக்கு ஆகாதாம். அதுவரைக்கும் வீட்டுக்காரி ஒருத்தி கூடவே துணைக்கு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். அவன் நல்ல மனுஷன். “அப்ப இருந்துட்டுப் போ. நாளைக்கு அந்தப் பொம்பள புருஷனுக்கு எதனா ஆனா நமக்குப் பாவம்” என்றானாம்.

ஏமாற்று வேலை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் ஊருக்கு மீன் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு விற்பனை கூடியது. நடுவில் கிடந்த ஒரு பொழுதை நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். யாரும் தேடாத பொழுது அது.

அந்தப் பொழுதைக் காப்பாற்ற நான் வாரத்தையே புரட்டிப் போட்டேன். நெல் அவிப்பதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன், அன்றைக்கு விற்பனை மந்தம். எண்ணெய்க் குளியலைப் புதன்கிழமை விடியலுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஓட மறந்து நிற்பார்கள், பாதி வேலை மிச்சம். வீடு மெழுகுவதை வியாழக்கிழமை சாயங்காலம் முடித்துவிடுவேன். “வெச்சிடு, வெள்ளிக்கெழம கீதே” என்று மாமியார் வாயெடுக்கும்போது, வைப்பதற்கு ஒன்றும் இருக்காது. வாயை மூடிக்கொள்வார். அந்த வாய் மூடுவதைப் பார்க்கவே இன்னும் வேகமாக வேலை செய்யலாம்.

கரையிலிருந்து நல்ல கிளிஞ்சலாகப் பொறுக்கிக்கொண்டு போய் என் காய்களாக வைத்துக்கொண்டேன். அவளுக்கு உடைந்த வளையல் துண்டு. ஒரு வாரம் முடியாத ஆட்டத்தை அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து ஆடுவோம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு காயைக் கரையேற்றிப் பழமாக்கிவிட்டு, நான் வெட்டு வாங்கும்போது சத்தமில்லாமல் சிரிப்பாள். வாரம் முழுக்க அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருக்கும்.

இப்படியே போயிருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு, நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசு காலம் வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை நான் போனால், கட்டம் போட்டு வைத்திருக்கிறாள், கட்டையை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாள்.

“தபசு காலம்க்கா. ஆண்டவர சிலுவையில அறைஞ்சிட்டு, அவரு அங்கி யாருக்குன்னு சேவகனுங்க கீழ குந்திகினு உருட்டிப் பாத்தானுங்களாம். அதுவும் வெள்ளிக்கெழம. கட்டையத் தொட மனசு வரல.”

பஸ் ஏறி வந்திருக்கிறேனே. “எதால உருட்டினானுங்க? பித்தளக் கட்டையாலயா?” என்றேன்.

“அத சாமியாரு சொல்லலியே.”

“அப்ப நாம புளியங்கொட்டையால ஆடுவோம். அந்த ஊர்ல புளியமரம் எங்க இருந்திருக்கும்?”

கொஞ்சம் யோசித்தாள். “சிலுவைப்பாதைக்கு மணி அடிச்சா எழுந்துடுவேன்” என்றாள். நான் புளியங்கொட்டைகளைத் தரையில் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்க்க ஆரம்பித்தேன்.

தபசு காலத்தில் மீன் இரண்டு பங்கு ஓடியது. அதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. நான் போகிற ஊர், நான் பிடித்த விற்பனை என்று மாமியார் முன்னால் மார்தட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விடியலில் பார்த்தால், இன்னொரு கூடையோடு வாசலில் நிற்கிறார்.

“நாப்பது நாளு இப்பிடி ஓடும்னா ஒரு கூட எப்பிடிப் பத்தும்? நானும் வரேன்.”

“ஒங்களுக்கு எதுக்கு அத்தே வெயில்ல...”

“வெயிலு எனக்குப் புதுசா?”

பஸ்ஸில் போகும்போது என் நெஞ்சு மீன் மாதிரி துள்ளியது. அவளுக்குச் சொல்லியனுப்ப ஆள் இல்லை. மாமியாருக்கு விஷயம் தெரிந்தால் தாயம் போனது போனதுதான். அதைவிட, வெள்ளிக்கிழமை மறுபடியும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெச்சிடு, வெச்சிடு என்று சாகிற வரைக்கும் கேட்க வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து இரண்டு கூடையும் வெயில் ஏறும் முன்பே காலி. வாசலில் காத்துக் கிடக்கிற வேலையே இல்லை. மாமியார் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பெண்கள் மீனை வாங்கி நேராக அடுப்படிக்குக் கொண்டுபோவதைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காததுதான் பயமாக இருந்தது.

நிழலில் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று மாமியார் சொன்னதால், அவள் வீட்டுக்குத்தான் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. கொல்லைப்பக்கம் திரும்பும்போதே உள்ளேயிருந்து அவள் குரல்: “வா வா, போன வாரம் தப்பிச்சிட்ட, இன்னிக்கு ஒன் காய வெட்டாம வுட மாட்டேன்!” சொல்லிக்கொண்டே வெளியே வந்தவள், என் பின்னால் நின்றவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க மாமியாரு” என்றேன்.

மாமியார் தாழ்வாரத்தில் ஏறினார். தரையைப் பார்த்தார். கரிக்கோட்டில் பளிச்சென்று தாயக்கட்டம்.

“இது இன்னாம்மா கோலம்?”

“இது... தபசு காலத்துக் கோலம்ங்க” என்றாள் அவள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பாருங்க, நடுவுல நடுவுல சிலுவ போட்டுக் கீது.”

“ஓ. புளியங்கொட்ட?”

“ஜெபம் எண்றதுக்குங்க.”

“இந்தக் கிளிஞ்சலு? எங்க ஊர்க் கிளிஞ்சலாட்டம் கீதே?”

அவள் என்னைப் பார்த்தாள். “காணிக்க அத்தே” என்றேன். “நான்தான் குடுத்தேன்.”

தாயக்கட்டம் தெரியாத பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் பிறந்ததே இல்லை. மாமியார் அந்தக் கட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, தாயக்கட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எனக்கு அடி விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். கை கால் கழுவிக்கொண்டு, என் மாமியாரைப் பார்த்ததும் மரியாதையாக நின்றான்.

“மணப்பட்டா? வாங்கம்மா. ஒங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கெழம உச்சி தாண்டிக் கூட தூக்கக் கூடாதாமே? அதான் வாரா வாரம் எங்க வூட்ல தொணைக்கு உக்காந்துகினு கீறா.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் மாட்டைப் பார்த்தேன். மாடாவது ஏதாவது செய்யாதா என்று இருந்தது.

மாமியார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

“ஆமாப்பா. கடலம்மா வழக்கம். இன்னிக்கு நேத்து வந்ததா இது? எங்க மாமியாருக்கு மாமியாரு காலத்துலேர்ந்து கீது.”

“அப்பிடிங்களா!”

“தொணைக்குக் குந்துற பொண்ணுக்கு அன்னிக்கு வயல் வேல குடுக்கக் கூடாது, மாட்டு வேலயும் குடுக்கக் கூடாது. சாணி தொட்டா தொண பலிக்காது. அதச் சொன்னாளா எங்க மருமவ?”

“சொல்லலியேம்மா!” என்று பதறிப்போனான். “மாட்ட நான் பாத்துக்குறேன்.”

சாப்பிட்டுவிட்டு, தானே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வயலுக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் மாமியார் சும்மாட்டுத் துணியை மடித்துத் தலைக்கு வைத்துத் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டார். “கூடயத் தூக்கக் கூடாதில்ல. அப்ப நான் இன்னா பண்றது?” என்று கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகப் புளியங்கொட்டையை எடுத்தாள். நானும் எடுத்தேன். சத்தம் வராமல் தரையில் விட்டோம். எனக்கு ஐந்து விழுந்தது. எந்தக் காயை நகர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கோடிக் காய வெச்சி வெட்டுடி. எவ்ளோ நேரம் பாப்ப?” என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே.

வெட்டினேன். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்குக் கொடுத்தேன். முக்கூட்டு ரோட்டில் இறங்கி, கூடைக்குள் கூடையைப் போட்டு என் தலையில் ஏற்றிவிட்டு, நடந்துகொண்டே பேசினார்.

“ஒரு வருசமா?”

“இல்ல அத்தே. போன ஆவணியிலேர்ந்து.”

“நெல்லு அவிக்கிறத திங்கக்கெழமைக்கு மாத்தனது, புள்ளைங்களுக்கு விடியல்ல எண்ண வெச்சது, எல்லாம் இதுக்குத்தானா?”

“ஆமா.”

“ஒரு வேல பாக்கி இல்லாம முடிச்சிட்டுத்தான் போயிகினு இருந்திருக்க.”

அது திட்டா, பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“சரி. வெள்ளிக்கெழம ஒனுக்கு. நான் கேக்க மாட்டேன், ஒம் புருசங்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “செவ்வாக்கெழம எனக்கு. காலையில வூட்ட வுட்டுப் போனா வெளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் வருவேன். சோறாக்குறது, புள்ளைங்க, வாசலு எல்லாம் ஒன்னுது. எங்க போறேன்னு நீ கேக்கக் கூடாது.”

“எங்க அத்தே போவப் போறீங்க?” என்று என் வாய் கேட்டேவிட்டது.

“வெள்ளிக்கெழம வேணுமா, வேணாமா?”

வேண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. முருகன் தெருவில் அன்று எப்படியும் விற்பனை இல்லை, மற்ற தெருக்களையும் ஒரு நாள் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டேன். மாமியார் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டி, நெற்றிக்கு வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். ஆற்றுப் பக்கம் போனாரா, ரோட்டுப் பக்கம் போனாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

உச்சியில் என் வீட்டுக்காரர் தூங்கி எழுந்து வந்தார். அந்த வீட்டில் அவருக்குக் கிழமை தெரியாவிட்டாலும் அம்மா இல்லாதது தெரிந்துவிட்டது.

“அம்மா எங்கமே?”

குழம்பைக் கிளறிக்கொண்டே, “செவ்வாக்கெழம விரதம்” என்றேன். “கடலம்மாவுக்கு. வெளக்கு வெக்கிற வரைக்கும் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதாம்.”

“இன்னா விரதம் அது? நான் கேள்விப்பட்டதே இல்லியே?”

“ஒனுக்காகத்தான்யா விரதம். கேட்டா பலிக்காது. குந்து, சோறு போடறேன்.”

உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு கடல் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.